கட்டங்களுக்குள் இல்லாத முகம்

அந்த முகம் உலகத்தில் எவருடையதும் அல்ல என்பது ஜுனைதாவுக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. அது தன் தம்பி ரிஷாத்தின் முகத்தைப் போல இருக்கிறது என்பது அடுத்த கணத்தில்தான் உறைத்தது.

புத்தளம் தில்லையடியில் அவளுக்குச் சொந்தமாக ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அன்று பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளையொன்றை அடையாள அட்டைப் படத்துக்காகக் கதிரையில் நேராக உட்காரவைத்துக்கொண்டிருந்தபோது போனுக்கு அந்தப் படம் வந்தது. ‘உப்புக்காற்று’ என்ற முகநூல் பக்கம் போட்டிருந்தது. இடப்பக்கம் சிசிரிவி கெமராவில் பதிந்த ஒரு கலங்கல் படம். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறான் ஒருவன். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பலும் தவிட்டு நிறமுமாக இருபது இருபத்தைந்து கட்டங்கள். வலப்பக்கம் அதே ஆள், முகம் மட்டும் நேற்று எடுத்த படம்போலப் பளிச்சென்று. மேலே சிவப்பு எழுத்து: ‘ரஸாக் நானாவை மோதிக் கொன்றவன் இவன்தான். ஏஐ மூலம் முகம் தெளிவாக்கப்பட்டது. தெரிந்தவர்கள் அறிவிக்கவும்.’

தோல் சவர்க்காரம்போல வழவழவென்றிருந்தது. பல் வரிசை அளவெடுத்து வைத்த மாதிரி. இடது காது பாதியில் மயிருக்குள் கரைந்து போயிருந்தது. இப்படியான முகங்களை ஜுனைதா நிறையப் பார்த்திருக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தாய், கலியாண வீட்டுக் கூட்டப் படமொன்றில் மிளகளவு தெரிந்த, இறந்துபோன தன் மகனைப் பெருப்பித்துத் தரச் சொன்னாள். ஜுனைதா கம்பியூட்டரில் போட்டுத் தெளிவாக்கிக் கொடுத்தாள். அந்த மனுசி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “வடிவான புள்ளதான். ஆனா இது வேற யாரோட புள்ளையோ” என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு அந்த வேலைக்கு யார் வந்தாலும் ஜுனைதா முடியாது என்றே சொல்லிவந்தாள்.

ரஸாக்கைப் பற்றி அவளும் கேள்விப்பட்டிருந்தாள். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்தவர். திங்கட்கிழமை அதிகாலைச் சுபஹுத் தொழுதுவிட்டுச் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனவரை மோட்டார் சைக்கிள் ஒன்று பின்னால் வந்து அடித்துவிட்டது. அடித்தவன் இறங்கிப் பார்த்தான், ஏறிப் போய்விட்டான். புதன்கிழமை ஆஸ்பத்திரியில் ரஸாக் மவுத்தானார். எதிரிலிருந்த ஹாட்வெயார் கடையின் கெமராவில் எல்லாம் பதிந்திருந்தது, முகத்தைத் தவிர. அந்த முகத்தைத்தான் வெள்ளிக்கிழமை ‘உப்புக்காற்று’ செய்து போட்டிருந்தது.

படத்துக்குக் கீழே ஆட்கள் எழுதிக்கொண்டே போனார்கள். ‘கண்டக்குழியில தோணிக்குப் போற ரிஷாத் மாதிரி இரிக்கி.’ ‘மாதிரி இல்ல, அவனேதான்.’ ‘தில்லையடி அகதிக் கூட்டம்தானே, எதுக்கும் துணிஞ்சவங்க.’ தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டு வந்தபோது ஜுனைதாவுக்கு நாலு வயது. ரிஷாத் பிறந்ததே இங்கே. முப்பத்தைந்து வருடமாகியும் யாராவது கோபப்பட்டால் முதலில் நாக்கில் வருவது அந்தச் சொல்தான்.

அவள் தம்பிக்குப் போன் அடித்தாள். போன் வேலை செய்யவில்லை. அவன் கடலில் இருந்தான். ரஸாக் அடிபட்ட அந்தத் திங்கட்கிழமைக் காலையிலும் அவன் கடலில்தான் இருந்தான். கூட இருந்தவர்கள் நாலு பேர். ஜுனைதா அந்தப் பக்கத்துக்கு எழுதினாள்: ‘இந்த முகம் பொய். கம்பியூட்டர் செய்த முகம். என் தம்பி அன்று கடலில் இருந்தான்.’ அவள் எழுதியதைச் சற்று நேரத்தில் அழித்துவிட்டார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் கண்டக்குழிக்குப் போனாள். பஸ் பாலாவியில் நின்றது, நுரைச்சோலையில் நின்றது, கை காட்டிய இடமெல்லாம் நின்றது. அவள் கடற்கரையில் இறங்கி ஓடியபோது தோணி கரைக்கு வந்து அரை மணித்தியாலமாகியிருந்தது. ரிஷாத் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் மணலில் கிடந்தான். வலது முழங்கை இருக்கவேண்டிய பக்கம் இருக்கவில்லை. தோணிக்காரர்கள் தடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவனும் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறான். “படம் பொய் சொல்லுமாடா?” என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். இரும்புக் குழாயோடு முன்னால் நின்றவன் ரஸாக்கின் மச்சினன், பெண்சாதியின் தம்பி, நௌஃபர்.

ரிஷாத்தை ஆஸ்பத்திரியிலேயே காவலில் வைத்த பொலிஸார், தோணிக்காரர்களிடம் வாக்குமூலம் வாங்கிவிட்டு அவனை விட்டார்கள். ஊர் விடவில்லை. “காசு குடுத்து வெளியில வந்திட்டான்” என்று கதை பரவியது. முழங்கைக்கு இரண்டு தகடு வைத்து ஒப்பரேஷன் செய்தார்கள். அடித்தவர்களைப் பொலிஸ் தொடவில்லை. ஜுனைதா பகலில் ஆஸ்பத்திரியில் தம்பிக்குச் சோறூட்டினாள். மற்ற நேரமெல்லாம் அந்த வீடியோவை வைத்துக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குள் இருந்த கோபம் ஒரு வேலை கேட்டுக்கொண்டே இருந்தது. வேலை முடிந்ததும், விபத்து நடந்து பதினேழாம் நாள், மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு ரஸாக்கின் வீட்டுக்குப் போனாள்.

ரஸாக்கின் பெண்சாதி ஸபீனா இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, அந்நிய ஆண்களின் முன் வரக்கூடாது. உள்ளறை வாசலில் திரை தொங்கியது. முன் விறாந்தையில் நௌஃபர் இருந்தான். அவனுக்குப் பக்கத்தில் போனைக் கம்பில் மாட்டிச் சரிசெய்துகொண்டு ஒரு இளைஞன். ‘உப்புக்காற்று’ நடத்துகிற றிப்னாஸ். திரைக்கு உள்ளேயிருந்து ஸபீனா நீதி கேட்டுப் பேசுவதைப் பதிவுசெய்ய வந்திருந்தான்.

ஜுனைதா தான் யாரென்று சொன்னதும் நௌஃபர் எழும்பி வழியை மறித்தான்.

“தம்பிய காப்பாத்த வந்தீங்களா?”

“அவன நீ ஒடைச்சாச்சி. காப்பாத்த என்ன மிச்சம் இரிக்கி? நான் ஒங்கட ராத்தாட்ட ஒரு சாமான் காட்ட வந்தன்.”

“ஒண்டும் காட்டத் தேவல்ல. போங்க.”

“வரட்டும் தம்பி,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மெலிந்த குரல்தான், ஆனால் நௌஃபர் விலகிவிட்டான்.

ஜுனைதா உள்ளே போகவில்லை. மடிக்கணினியை விறாந்தை மேசையில் வைத்து, திரையைப் பார்த்து உரத்த குரலில் சொன்னாள். “தங்கச்சி, முதல்ல இந்த ரெண்டு பேருக்கும் காட்டறன். பொறகு உள்ளுக்குக் கொண்டுவாறன். நான் கதைக்கிறத நீங்களும் கேளுங்க.”

பிறகு றிப்னாஸின் பக்கம் திரும்பினாள். “வீடியோவில அந்த ஆள் கெமராப் பக்கம் திரும்பிற நேரம் ஒரு செக்கன் கூட இல்ல. எண்ணிப் பாத்தா பதினொரு படம். நீ எடுத்தது அஞ்சாவது. சரிதானே?”

றிப்னாஸ் தலையை ஆட்டினான்.

“மிச்சம் பத்தையும் என்ன செஞ்சாய்?”

“ஒண்டு போதும்தானே ராத்தா.”

“அந்தப் பத்தையும் நீ போட்ட அதே ஆப்பில நான் போட்டன். பாரு.”

பதினொரு முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவனுக்குத் தடித்த புருவம். ஒருவனுக்கு ஐம்பது வயது. ஒருவனுக்கு மூக்குக் கண்ணாடி, அதன் ஒரு கம்பி மட்டும். ஒருவன் சீனாக்காரன் மாதிரி. ஒன்பதாவது முகம் ஒரு பெண்ணுடையது. ஒரு முகத்துக்கும் இன்னொரு முகத்துக்கும் ஒட்டு உறவு இல்லை.

“ஒரே ஆள், ஒரே செக்கன். இதில எவன் கொன்டவன்? சொல்லுங்க. இந்தப் பொம்பளயா? அவவயும் குழாயால அடிப்பியளா?”

நௌஃபரின் வாய் கோணியது. “நீங்க ஒங்கட வசதிக்கு எதையோ செஞ்சி கொண்டுவந்திரிக்கீங்க.”

“அப்பிடியா? வா. வாசலுக்குப் போ. அந்தத் தென்னைக்குக் கிட்ட நில்லு.”

அவன் அலட்சியமாகச் சிரித்துக்கொண்டே போய் நின்றான். ஜுனைதா போனில் அவனைப் படமெடுத்தாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க அந்தப் படத்தைச் சிறுப்பித்தாள். கெமராவிலிருந்த அதே அளவுக்கு, முகத்துக்கு இருபத்தைந்து கட்டம் வரும்வரை. பிறகு மடிக்கணினியை றிப்னாஸின் பக்கம் தள்ளினாள். “நீயே உன்ட கையால தெளிவாக்கு.”

றிப்னாஸ் செய்தான். அரை நிமிடத்தில் ஒரு முகம் வந்தது. நாடியில் குழி விழுந்த, அரும்பு மீசையோடு ஒரு அழகன். நௌஃபரின் உதட்டோரத்தில் சின்ன வயதில் தூண்டில் கிழித்த தழும்பு இருந்தது. படத்திலிருந்தவனுக்குத் தழும்பு இல்லை. நௌஃபர் அந்த முகத்தைப் பார்த்தான். றிப்னாஸைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“ஆப்பில கொஞ்சம் பிழை வரும்தான் ராத்தா,” என்றான் றிப்னாஸ். “தொண்ணூறு வீதம் சரியா வரும் எண்டு போட்டிருந்தாங்க.”

“தொண்ணூறு வீதம்!” ஜுனைதா மேசையில் அறைந்த அறையில் தேத்தண்ணிக் கோப்பை துள்ளியது. “கெமராக்குப் பட்டது இருபத்தஞ்சு கட்டம்டா. கண்ணுக்கு ஒரு கட்டம், வாய்க்கு ஒரு கட்டம். மிச்ச முகத்த இந்த ஆப் எங்கயிருந்து எடுக்கிது? லெச்சக்கணக்கான ஆக்கள்ட முகத்த முன்னமே அதுக்குக் காட்டி வச்சிரிக்கி. அதுகள வச்சி, இந்தக் கட்டத்துக்குப் பொருந்திறாப்போல புதுசா ஒரு முகத்தச் செய்யிது. கண்டுபிடிக்கல்ல, செய்யிது! கையால கீறினா கீறினதெண்டாவது சனத்துக்குத் தெரியும். இது போட்டோ மாதிரி வரும், எல்லாரும் நம்புவாங்க. நீயும் நம்பினாய். கொமெண்டில ஒரு பேர் வந்ததும் அழிச்சியா? இல்ல. நான் பொய்யெண்டு எழுதினத அழிச்சாய்!”

றிப்னாஸ் போனைக் கம்பிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். திரைக்குப் பின்னாலிருந்து ஸபீனா, “உள்ளுக்கு வாங்க ராத்தா” என்றாள்.

அறைக்குள் வெள்ளைச் சேலையில் அவள் பாயில் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஜுனைதா காட்டிய பதினொரு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐந்தாவதில் நின்றாள்.

“பன்னெண்டு நாளா ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் இந்த முகம் நாசமாப் போகணுமெண்டுதான் பதுவா செஞ்சன்,” என்றாள். “ஒங்கட தம்பிக்கு. கை ஒடிஞ்சதெண்டு கேள்விப்பட்டு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னன்.”

பரவாயில்லை என்று சொல்ல ஜுனைதாவுக்கு வாய் வரவில்லை.

“அப்ப என்ட மனுசன அடிச்சவன்ட முகம் எங்க? இதுக்குள்ள எங்கயாவது இரிக்கா?”

“இல்ல தங்கச்சி.”

“எவ்வளவு பெரிய கம்பியூட்டர்ல போட்டாலும்?”

“கெமராவில படாதது எந்தக் கம்பியூட்டர்லயும் வராது.” அதைச் சொன்ன அந்த நொடியில் ஜுனைதாவுக்குத் திடுக்கென்றது. “ஆனா இது அசல் இல்ல. இது கடை டிவியில ஓட விட்டு யாரோ போனால எடுத்தது. பொறகு வட்ஸப்பில நூறு கை மாறி வந்தது. ஒவ்வொரு தரமும் தேஞ்சிரிக்கி. அசல் கடையில கெமரா பதியிற பெட்டிக்குள்ள இரிக்கும். அதில முகம் வராட்டியும், பைக் ஓடின நேரத்துப் படங்கள ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிப் பாத்தா நம்பர்ல ரெண்டு எழுத்தாவது உண்மையா வரக்கூடும். இல்லாதத செய்றதில்ல, இரிக்கிறத சேத்துப் பாக்கிறது. பொலிஸ் அத எடுத்திருப்பாங்க எண்டுதான் நான் நெனச்சிட்டிருந்தன்.”

“தம்பி!” ஸபீனா திரைக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள். “பெட்டிய யார் எடுத்த?”

நௌஃபருக்குத் தெரியவில்லை.

ஜுனைதா, நௌஃபர், றிப்னாஸ் மூன்று பேரும் ஹாட்வெயார் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் சாஹுல் ஹமீது ஹாஜியார் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த பெட்டியைக் காட்டினார். ஜுனைதா மவுஸைக் கையில் எடுத்து நாட்களைப் பின்னோக்கித் தள்ளினாள். செவ்வாய், திங்கள், ஞாயிறு என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக ஒரு புதன்கிழமையில் நின்றது. ரஸாக் மவுத்தான புதன்கிழமை. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. பதினாலு நாளுக்கு மேல் பெட்டி வைத்திருக்காது. பழையதற்கு மேலேயே புதியதை எழுதிவிடும்.

“ரெண்டு நாள் பிந்திட்டம்,” என்றாள் ஜுனைதா. “ரெண்டே ரெண்டு நாள்.”

“பொலிஸில எடுத்து வைக்கத்தான் சொன்னாங்க புள்ள,” என்றார் ஹாஜியார். “அத எடுக்கத் தெரிஞ்ச பொடியன் புத்தளத்தில இருந்து வரணும். அதுக்குள்ள முகம் வந்திட்டு. ஆளையும் பிடிச்சாச்சி எண்டாங்க. பொறகு எதுக்கெண்டு நானும் விட்டன்.”

ஜுனைதா கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிறமாதிரிக் கத்தினாள். “உண்மை பதினாலு நாள் இந்தச் சீமெந்து மூட்டைக்குப் பின்னால கிடந்திரிக்கி! யாருக்கும் தேவைப்படல்ல. பொய் வடிவா இருந்திச்சி, அது போதும் உங்களுக்கு. என்ட தம்பிட கைய ஒடைச்சது மட்டுமில்ல, ரஸாக் நானாவ ரெண்டாந்தரம் கொன்டிருக்கீங்க!” வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்றாள். அவளுக்குத் தன்மேலும் ஆத்திரம் வந்தது. இந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பொய்யைப் பிடித்துக் காட்டுவதிலேயே குறியாக இருந்து, பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸபீனா ஜுனைதாவுக்குப் போன் எடுத்தாள்.

“ராத்தா, பொம்பளப் பொலிஸ வீட்டுக்குக் கூப்பிட்டன். அந்தப் படம் பொய்யெண்டு எழுதிக் குடுத்தன். குழாயால அடிச்சது என்ட தம்பி எண்டும் சொன்னன்.”

“ஒங்கட உம்மா என்ன சொன்ன?”

“என்னோட கதைக்கிறல்ல. அத விடுங்க. கெமரா பாக்கல்ல, சரி. மனுசக் கண் ஒண்டாவது பாத்திருக்காதா? அந்த நேரம் பஸ் போகும், மீன் லொறி போகும். நீங்க ஒரு நோட்டீஸ் அடிச்சித் தாங்க. முகம் போட வேணாம்.”

ஜுனைதா அடித்தாள். திகதி, நேரம், இடம், மோட்டார் சைக்கிளின் நிறம், இரண்டு பேருடைய போன் நம்பர். ‘பிடிபட்டவர் குற்றவாளி அல்ல. உண்மையான ஆள் இன்னும் வெளியில் இருக்கிறார். பார்த்தவர்கள் சொல்லுங்கள்.’ பாலாவியிலிருந்து கண்டக்குழிவரை ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் அவளே இறங்கி இறங்கி ஒட்டினாள்.

நாலாம் நாள் ஒரு பெண் அழைத்தாள். பெயர் மாக்கிறட். கண்டக்குழியில் வெள்ளைக்காரர் வந்து தங்குகிற லொட்ஜ் ஒன்றில் சமையல் வேலை. அன்றைக்கு முதல் பஸ்ஸில் போனவள்.

“குறிஞ்சிப்பிட்டி தாண்டின உடன ஒருத்தன் பைக்க உருட்டிக்கொண்டு போனான் பிள்ளை. முன் லைட் உடைஞ்சு தொங்கிச்சு, காற்சட்டை எல்லாம் ரத்தம். எனக்கு ஆளைத் தெரியும். எங்கட லொட்ஜுக்கு ஐஸ் கொண்டு வாறவன். அதுக்குப் பிறகு அவன் வேலைக்கு வரேல்லை.”

“இவ்வளவு நாளா ஏன் சொல்லல்ல?” ஜுனைதாவின் குரல் தன்னை அறியாமலே உயர்ந்தது.

“சொல்லத்தான் வெளிக்கிட்டனான். அதுக்குள்ள ஆளைப் பிடிச்சாச்சு எண்டு படத்தோட போட்டிருந்தாங்களே. அப்ப நான் பாத்தது வேற ஏதோ விழுந்தெழும்பின கேஸ் எண்டு நினைச்சிட்டன். படத்தை விட என்ர கண்ணை நான் எப்பிடிப் பிள்ளை நம்பிறது?”

பொலிஸார் அந்த ஆளைச் சிலாபத்துப் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் பிடித்தார்கள். மோட்டார் சைக்கிள் கொட்டிலொன்றில் கிடந்தது. ரஸாக்கின் சைக்கிள் பெயின்ற் அதன் மட்கார்ட்டில் ஒட்டியிருந்தது. அவன் ஒப்புக்கொண்டான். றிப்னாஸ் தன் பக்கத்தில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று மூன்று வரி எழுதினான். அந்தப் பொய் முகத்தைப் பகிர்ந்தவர்கள் நாலாயிரம் பேர். அந்த மூன்று வரியைப் பகிர்ந்தவர்கள் ஆறு பேர். ஜுனைதா அவன்மேலும் முறைப்பாடு கொடுத்தாள். வாபஸ் வாங்கச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் இரண்டு தடவை வந்தார்கள். அவள் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தாள், வாபஸ் வாங்கவில்லை.

ரிஷாத்தை அடித்த வழக்குக் கோட்டுக்கு வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் நௌஃபர் தில்லையடிக்கு வந்தான். கையில் ஒரு பை. அப்பிளும் திராட்சையும். ரிஷாத் முன்னறையில் கதிரையில் இருந்தான். எழும்பவில்லை.

“மாப் பண்ணுங்க ரிஷாத்,” என்றான் நௌஃபர் வாசலில் நின்றபடியே. “மச்சான் மவுத்தான கவலையில புத்தி கெட்டுப்போச்சி. படத்த நம்பிட்டன்.”

ரிஷாத் வலது கையை நீட்டினான். மடக்கப் பார்த்தான். அது பாதி வழியில் நின்றது. முகம் வேர்க்க இன்னும் கொஞ்சம் முயன்றான். அதற்கு மேல் மடங்கவில்லை.

“வலை இழுக்கேலாது. சோறு இடது கையால தின்னறன்,” என்றான். “நான் அண்டைக்கு அல்லாஹ் மேல சத்தியம் செஞ்சி சொன்னன், நௌஃபர். உன்ட மூஞ்ச பாத்துச் சொன்னன். நீ என்ட மூஞ்ச பாக்கல்ல. கையில போன வச்சிக்கொண்டு அதத்தான் பாத்தாய். மாப்ப நீ கோட்டில கேளு. நான் அங்க வாறன்.”

நௌஃபர் ஜுனைதாவைப் பார்த்தான், அவள் ஏதாவது சொல்வாளென்று. மூத்தவள், நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவள், தம்பியைச் சமாதானப்படுத்துவாள் என்று அவன் நினைத்திருக்கலாம். ஜுனைதா பழப் பையை எடுத்துக்கொண்டுபோய் அவனுடைய மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில் கொழுவிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள்.